கலியாண மேசையில் உன் வைன்

அபி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்றும் வட்ஸ்அப்பில் உன் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனியில் சேறு இருந்தது, சொல்லவில்லை. நாங்களும் சுகம். இங்கே மில்லிக்கனில் பனி முழுதாகக் கரையும்வரை அப்பாவின் முழங்கால் முறைப்பாடு வைத்துக்கொண்டே இருக்கும் என்பது உனக்குப் புதிதல்ல. ஆகையால் சுகம் விசாரிப்பதை இத்தோடு விட்டுவிட்டு, நெஞ்சில் கிடந்து உறுத்துகிற விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ ஒன்று கேட்டாய். மண்டபம் பிடித்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, சேலை எடுக்க யார் யார் போவது என்று சண்டையும் பிடித்தாயிற்று. அந்தச் சத்தங்களுக்கு நடுவில் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, ஒண்டு கேக்கட்டே? ரிசெப்ஷனில என்ர வைனை வைப்பமா? எல்லா மேசையிலயும். மை ஓன் வைன், அம்மா," என்றாய். நான் யோசிக்கவே இல்லை. நீ கேட்டு முடிக்க முதலே, "வேண்டாம் பிள்ளை, சனம் என்ன கதைக்கும்?" என்றேன். நீ, "ஓக்கே அம்மா, நோ வொறீஸ்," என்று சொல்லிவிட்டு மாலைக்கு என்ன நிறப் பூ என்று கேட்டாய். அந்த "நோ வொறீஸ்" அன்றிலிருந்து என் காதைவிட்டுப் போகவில்லை.

திரும்ப அழைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ ஒரு தரம் "ஓக்கே" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எனக்கு வாய் எழும்பாது. எழுதினால் நான் சொல்ல வந்ததை யாரும் இடையில் வெட்ட மாட்டார்கள். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். எத்தனை சனிக்கிழமை உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அதன் பலனை இன்றைக்காவது அனுபவித்துக்கொள்கிறேன். லூக்குக்கு நீயே இதை மொழிபெயர்த்துச் சொல். அவனைக் கட்டப்போகிற நீ இந்த வீட்டைப் பற்றி அவனிடம் எதையும் ஒளிக்கத் தேவையில்லை. அப்பாவை நான் கிண்டல் செய்கிற இடங்களை மட்டும் விட்டுவிடாதே.

எங்கள் ஆட்களிடம் குடி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அது மேசையில் இருப்பதில்லை. கராஜில் இருக்கும், வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் இருக்கும், கலியாண வீடென்றால் மண்டபத்துப் பார்க்கிங்கில் யாராவது ஒருவருடைய கார் டிக்கியில் இருக்கும். சாப்பாடு தொடங்க முன்னர் ஆண்கள் ஒவ்வொருவராக "வெளியில ஃபோன் கதைச்சிட்டு வாறன்" என்று எழும்புவார்கள். பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் ஃபோன் வருகிற அதிசயத்தைப் பற்றி நாங்கள் யாரும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது ஏலக்காய் மணக்கும், முகத்தில் ஒரு பெரிய அமைதி இருக்கும். உன் அப்பாவும் அந்த ஃபோன்காரர்களில் ஒருவர்தான். பெண்கள் நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள் போலக் குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டு இருப்போம். எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் எதையும் காண்பதில்லை என்பதுதான் ஒப்பந்தம். நீயோ அந்தப் போத்தலை மாமிமாருக்கும் சித்திமாருக்கும் முன்னால், வெள்ளை விரிப்பு விரித்த மேசையின் நடுவில், உன் பெயரோடு வைக்கட்டுமா என்று கேட்டாய். நான் உடனே மறுத்ததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ பிரான்ஸ் போன நாளிலிருந்து இங்கே நான் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். "அபி விவசாயம் செய்யிறாள்," என்பேன். அது பொய்யில்லையே. உன் ராணி மாமி விடுகிற ஆளில்லை. "என்ன பயிர் மச்சாள்?" என்பாள். பழம் என்பேன். "என்ன பழம்?" என்பாள். முந்திரிகை என்பேன், அதுதான் திராட்சை. "முந்திரிகையை வச்சு என்ன செய்யிறாள்?" என்று ஒரு நாள் கேட்டபோது, "விக்கிறாள்," என்று சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ எரிகிறது என்று ஃபோனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. உனக்குத் தெரியும், நான் பேக்கரியில் வேலை செய்த அத்தனை வருசமும் ஊரார் பிள்ளைகளின் பெயரைக் கேக்கில் ஐசிங்கால் எழுதிக்கொண்டிருந்தவள். யார் பெயரையும் பிழையாக எழுதியதில்லை. என் பிள்ளையின் தொழிலின் பெயரைச் சொல்ல மட்டும் எனக்கு நா வரவில்லை.

உனக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று யோசித்தால் எங்கள் பின்வளவுதான் ஞாபகம் வருகிறது. இந்த வீட்டை ஓர் இத்தாலியரிடமிருந்து வாங்கினோம். வேலியோரமாக அவர் இரும்புக் குழாயால் பந்தல் போட்டு, அதில் திராட்சைக் கொடிகளை ஏற்றி வைத்திருந்தார். சாவி தருகிற அன்று அப்பாவின் கையைப் பிடித்துக் கொடிகளைக் காட்டி ஏதேதோ சொன்னார். பாதி விளங்கவில்லை, ஆனால் அந்த மனிதருக்குக் கண் கலங்கியது விளங்கியது. அடுத்த கோடையில் நாங்கள் என்ன செய்தோம்? கொடிகளை அடியோடு வெட்டி எறிந்துவிட்டுப் பந்தலில் பாகலும் புடலையும் படர விட்டோம். பந்தல் என்றால் எங்களுக்கு வேறென்ன தெரியும்! நீ பள்ளிக்கூடப் பையோடு வந்து பார்த்துவிட்டு, மூலையில் மிஞ்சி நின்ற ஒரு கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். "இதை வெட்டினா நான் டின்னர் சாப்பிட மாட்டன்," என்றாய். சாப்பிடாமல் கிடப்பதில் நீ யாரையும் விடக் கெட்டிக்காரி என்பதால் அப்பா கத்தியைக் கீழே வைத்தார். அந்தக் கொடி புளிப்பாக, விதையாக, ஒரு கைப்பிடி பழம் தந்துகொண்டு இன்றைக்கும் நிற்கிறது. அணில்தான் தின்கிறது.

பிறகு நீ பல்கலைக்கழகம் போய், கோடை விடுமுறையில் நயாகரா பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்து, அங்கிருந்து பிரான்சுக்குப் போய், பாரிஸில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாத சவ்வா என்கிற மலை நாட்டில் போய் இருந்துகொண்டாய். பாரிஸ் தம்பியிடம் விசாரித்தேன். "அது பனியில சறுக்குற இடமக்கா, அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை," என்றான். எங்கள் ஆட்கள் இல்லாத இடத்தில் என் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான் போன செப்டெம்பரில், வேலையிலிருந்து ஓய்வு எடுத்த கையோடு, அறுவடை நேரம் பார்த்து வந்தேன். உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரலாம் என்ற எண்ணமும் பெட்டிக்குள் ஒரு மூலையில் இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

வந்த அன்று நீ என்னைத் தோட்டத்தின் மேல் விளிம்புக்கு ஏற்றிக்கொண்டு போய், தலைக்கு மேலே செங்குத்தாக நின்ற வெள்ளைப் பாறையைக் காட்டினாய். கிரானியே மலை. ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு இரவில் அதன் ஒரு பக்கம் அப்படியே உடைந்து சரிந்து, கீழே இருந்த ஊர்களை ஆட்களோடு மூடிவிட்டது என்றாய். நாங்கள் நின்றது அந்தச் சரிவின் மேலே. காலடியில் கிடந்த சுண்ணாம்புக் கற்கள் எல்லாம் அந்த மலையின் துண்டுகள். வேறு ஒன்றும் விளையாத அந்தக் கல்லுக்குள் யாரோ ஒருவர் திராட்சையை வைத்துப் பார்த்திருக்கிறார், அது பிடித்துக்கொண்டது. உன்னுடைய வெள்ளைத் திராட்சைக்கு ஜாக்கேர் என்று பெயர் சொன்னாய். எதிர்ப்பக்க வெயில் சரிவில் மொந்தேஸ் என்று கறுப்புத் திராட்சை. மிளகு மணக்கும் சிவப்பு வைன் அதில் வரும் என்றாய். நீ அந்த இலைகளைத் தடவிக் கதைத்த விதத்தைப் பார்த்தபோது, பெட்டிக்குள் கொண்டுவந்த எண்ணத்தை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்டதெல்லாம், "இதுக்கு ஏன் பந்தல் போடேல்லை?" என்றுதான். இடுப்புயரத்தில் கம்பி இழுத்து நிரை நிரையாகக் கட்டியிருந்தீர்கள். இங்கே வெயில் போதாது, ஒவ்வொரு இலையும் வெயிலைப் பார்க்க வேண்டும் என்றாய். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்து பந்தல் போட்டதை நினைத்துச் சிரித்தேன்.

லூக்கின் தாய் கொலெத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தோட்டத்தின் சொந்தக்காரி. ஒல்லியான, வெடுவெடுப்பான மனுசி. தன் நிலத்தில் ட்ராக்டர் ஏறாத ஒரு சரிவை உனக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அப்போது அவர் எனக்குச் சம்பந்தியாக வருவார் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், கள்ளி. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, அதனால் முதல் நாளே சண்டை பிடித்துக்கொண்டோம். எல்லாரும் கத்தரியால் குலைகளை வெட்டிப் பெட்டிகளில் போட்டார்கள். நான் என் பெட்டி நிறைந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். பழத்தைக் கழுவாமல் எப்படி? ஒரு குலையைத் தண்ணீரில் நனைத்ததுதான் தாமதம், கொலெத் மேலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்து என் கையிலிருந்து பெட்டியைப் பறித்தார். நீ வந்து, "அம்மா, கழுவினா ஜூஸ் தண்ணியாப் போயிடும்," என்று விளக்கும்வரை நான் அவரை மனதுக்குள் என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மனுசி அடுத்த நாள் காலையில் எனக்கு ஒரு சோடி கையுறை கொண்டுவந்து தந்தார். என் கை வெட்டுக் காயங்களைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து நாங்கள் அடுத்தடுத்த நிரையில் வெட்டினோம். நான் தமிழில் கதைத்தேன், அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார், ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒரு நாள் வேலை முடிய என்னை மியான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். அங்கே இருக்கிற மாதா கறுப்பு. மலை சரிந்து வந்தபோது அவளுடைய வாசலில் வந்து நின்றுவிட்டதாம். ஊரில் மடு மாதாவிடம் நேர்த்தி வைத்த சைவக்காரி நான். எனக்கு அங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரத் தேவை இருக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தினேன். இந்தப் பிள்ளையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகிற எண்ணம் அந்த இடத்தோடு சரி.

இனித்தான் நான் எழுத வந்தது. கடைசி நாள், அறுவடை முடிந்த சாப்பாடு. முற்றத்தில் நீள மேசை போட்டு வெட்டினவர்கள் எல்லாரும் இருந்தோம். உருளைக்கிழங்கு, பாற்கட்டி, ஏதோ ஒரு சொசேஜ். பன்றி என்று முதலே சொல்லியிருந்தாய், சரி என்று இரண்டு சாப்பிட்டேன். அது வெள்ளை வைனில் அவித்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நீ உள்ளே போய் ஒரு போத்தலோடு வந்தாய். உன்னுடைய சரிவில் முந்தின வருசம் விளைந்த முதல் வைன். கொலெத் எழும்பி ஏதோ சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். போத்தலில் ஆங்கில எழுத்தில் அபிராமி என்றும், அதற்குக் கீழே உன் கோணல் கையெழுத்தில் தமிழிலும் இருந்தது. நீ மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு வந்து என்னிடம் குனிந்து, "அம்மா, கொஞ்சம்?" என்றாய். நான் கிளாஸைக் கையால் மூடினேன். "வேண்டாம் பிள்ளை," என்றேன். நீ சிரித்தாய். அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டாய்.

அபி, நான் அதைக் குடிக்கத்தான் இருந்தேன். மேசையில் நீ போத்தலை வைத்தபோதே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் முதல் தரம் கேட்டவுடன் "தா" என்று நீட்டுகிற பழக்கம் எனக்கு எங்கே இருக்கிறது? எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி தரட்டோ என்று கேட்டால் வேண்டாம் என்போம். அவர்கள் "சும்மா இருங்கோ, ஒரு வாய்" என்பார்கள். "ஐயோ, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்போம். அதற்குள் கேத்தில் கொதிக்கத் தொடங்கியிருக்கும். மூன்றாம் தரம் கேட்டால் "சரி, அரைக் கோப்பை" என்போம், முழுக் கோப்பை வரும். இலையில் சோறு போட வந்தால் கையை வைத்து மறிப்போம். போடுகிறவர் கையைத் தள்ளிவிட்டுப் போடுவார். மறிப்பதும் தள்ளுவதும் சேர்ந்துதான் உபசாரம். என் கை அந்தக் கிளாஸின் மேலே இருந்தது, நீ தள்ளிவிடுவாய் என்று. நீ போன பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தேன். பிறகு மெல்ல எடுத்து, வெறும் கிளாஸைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியும் வைத்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் மரியாதையாக அதில் தண்ணீரை ஊற்றிவிட்டார். அந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீயும் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாய். ஒருவேளை உன்னை நான் வளர்த்த விதம், என் சொல்லுக்கு மறுசொல் கேட்காத பிள்ளையாய் ஆக்கிவிட்டதோ தெரியாது. மேசையின் மறு கரையில் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, புறங்கையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். புகை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அங்கே அடுப்பு ஒன்றும் எரியவில்லை.

ஆகவே போன ஞாயிறு நீ கேட்டது, உண்மையில் இரண்டாம் தரம். மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்து, கலியாணத்தைச் சாட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாய். அதற்கும் நான் கையை வைத்து மூடினேன். முதல் தரம் மூடியது பழக்கத்தால். இந்த முறை மூடியது பயத்தால். பழக்கம் என்று சொல்லித் தப்ப மாட்டேன். ராணி மாமிக்குப் பயந்தேன், கோயில் ஆட்களுக்குப் பயந்தேன், "பொம்பிளைப் பிள்ளையைச் சாராயம் காய்ச்ச விட்டிருக்கினம்" என்று ஒரு வாய் சொல்லிவிடுமோ என்று பயந்தேன். என் பிள்ளை கல்லுக்குள் நின்று செய்த ஒரு பொருளை அவளுடைய கலியாணத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? எனக்கு வெட்கமாக இருக்கிறது, அபி.

நீ விமான நிலையத்தில் என் பெட்டிக்குள் திணித்துவிட்ட போத்தலை பேஸ்மன்றில் அரிசி மூட்டைக்குப் பின்னால், பெயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். நேற்று முன்தினம் மத்தியானம் அதைத் தேடிப் போனேன். படியில் நின்று அப்பா பார்த்தார். "இஞ்சாரும், உது அங்க நிக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ?" என்றார். தக்கையை எப்படி எடுப்பது என்று நான் முழிக்க, மனிதர் தன் ஆயுதப் பெட்டியைத் திறந்து, சுத்தியலுக்கும் குறட்டுக்கும் அடியிலிருந்து, பளபளவென்று ஒரு தக்கைத் திருகியை எடுத்தார். இத்தனை வருசம் இதே வீட்டில் இருக்கிறேன், அதை நான் கண்டதேயில்லை. குசினி மேசையில் பகல் வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். கலியாணம் கட்டி முதல் தரமாக அவர் என் முன்னால் கிளாஸைத் தூக்கினார். நானும் என்னுடையதைத் தூக்கினேன்.

முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. பச்சை நெல்லிக்காயைக் கடித்தது போல வாய் கூசியது. இரண்டாவது வாயில் அந்தப் புளிப்பு விலகி, குளிர்ந்த கல்லை நாக்கால் தொட்டது போல ஒரு சுத்தம் வந்தது. நீ என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய அந்தச் சரிவு, காலடிக் கற்கள், உன் குரல் எல்லாம் வந்தன. விளைமீன் பொரித்து வைத்திருந்தேன். அதோடு சேர்த்துக் குடித்தபோது, இதற்காகத்தான் இந்த மீன் என்று தோன்றியது. விஸ்கிக்காரரான உன் அப்பா முதலில், "தண்ணி மாதிரிக் கிடக்கு," என்றார். பிறகு தானே இன்னும் கொஞ்சம் ஊற்றினார். போத்தலைத் திருப்பி உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "உவள் தனியவோ இதைச் செய்தவள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். நான் மறைக்கவில்லை, நன்றாக அழுதேன்.

அந்தத் தைரியத்தோடு ராணி மாமிக்கு ஃபோன் எடுத்தேன். அரைக் கிளாஸ் தைரியம் என்று அப்பா சொல்கிறார், சொல்லட்டும். "மச்சாள், அபி வைன் செய்யிறவள். முந்திரிகை விக்கிறவளில்லை. கலியாணத்தில மேசைக்கு மேசை அதைத்தான் வைக்கப்போறம்," என்றேன். "என்ன மச்சாள் சொல்லுறியள், பொம்பிளைப் பிள்ளையெல்லோ," என்றாள். "பொம்பிளைப் பிள்ளைதான். மலையில ஏறி நிண்டு வெட்டிறவள். வந்து குடிச்சுப் பாத்திட்டுக் கதையுங்கோ," என்றேன். டக்கென்று வைத்துவிட்டாள். சரி, ஒரு சொந்தம் போச்சுது என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்ப எடுத்தாள். "உது வெள்ளையோ, சிவப்போ?" என்று கேட்டாள். வெள்ளை என்றேன். "சிவப்பெண்டால் இருதயத்துக்கு நல்லதாம், சும்மா கேட்டனான்," என்றாள். மொந்தேசும் நாலு போத்தல் கொண்டு வா, பிள்ளை. எல்லாரும் ராணி மாமி போல இருக்க மாட்டார்கள். சிலர் கதைப்பார்கள், சிலர் சாப்பிட்டுவிட்டு முகம் திருப்பிக்கொண்டு போவார்கள். போகட்டும். அவர்களுக்காக இவ்வளவு காலம் அடுப்பில் இல்லாததை எரிய விட்டது போதும்.

மண்டபக்காரரிடம் அப்பா நேற்றே போய்க் கேட்டுவிட்டார். மேசையில் வைக்க அனுமதி எடுக்க வேண்டுமாம். அந்த அலைச்சலை அவர் சந்தோசமாகத் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். பார்க்கிங்கில் இந்த முறை ஒரு டிக்கியும் திறக்கக் கூடாது என்று கூட்டாளிகளுக்கு இப்போதே உத்தரவு போடுகிறார். பெரிய தியாகிதான். கொலெத்துக்குச் சொல், மேசை விரிப்பை அவர் வந்து பார்த்துத்தான் விரிப்பேன். கிளாஸ்களைக் கழுவலாமா என்றும் கேட்டுச் சொல்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வேண்டியதை முதல் தரமே வாய் திறந்து கேள், அபி. லூக் நல்லவன், ஆனால் நீ வேண்டாம் என்று சொன்னால் அவன் அதை நம்பிவிடுவான். பசியோடு படுக்கப் போவது நீதான். நானும் அப்பாவும் ஒருவர் வேண்டாம் என்பதை மற்றவர் தள்ளிவிட வேண்டும் என்று காத்திருந்தே எத்தனையோ நல்ல நாட்களை ஆறவிட்டிருக்கிறோம். அவன் வேண்டாம் என்றால் அதை மதி. ஆனால் அவன் முகம் வேறு ஏதாவது சொன்னால் இன்னொரு தரம் கேட்பதில் குறைந்துபோக மாட்டாய். அதோடு, என்னுடைய "வேண்டாம்" எல்லாவற்றையும் இப்படி உடனே நம்பாதே. சண்டை பிடி. நீ நல்ல பிள்ளை, கொஞ்சம் கூடிப்போய்விட்டாய்.

உன் வைன் எல்லா மேசையிலும் இருக்கும். பெயர் தெரிகிற மாதிரி நானே ஒவ்வொரு போத்தலாகத் திருப்பி வைப்பேன். நீ கூறைச் சேலை மாற்றி, லூக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வரும்போது எங்கள் மேசைக்கு வந்து, மாமிமார், சித்திமார், கோயில் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், அன்றைக்குப் போலவே குனிந்து, "அம்மா, கொஞ்சம்?" என்று கேள்.

ஒரு தரம் கேட்டால் போதும்.

அம்மா